வரவேற்புக் குழு

கொழிஞ்சாம்பாறைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. கோயம்புத்தூர் போனால் மலையாளத்தான், பாலக்காடு போனால் பாண்டி. எங்கே போனாலும் வெளியூர்க்காரன் என்பதாலோ என்னவோ, நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களை வரவேற்கும் குழுவில் என்னைப் போட்டுவிட்டார்கள். "சாருக்குத் தமிழ், மலையாளம் ரெண்டும் தெரியுமே" என்றார் மேலதிகாரி. வந்தவர்கள் கென்யா, எத்தியோப்பியா, ஆப்கானிஸ்தான், இலங்கை. இரண்டு மொழி தெரிந்தவனுக்கு மிச்ச மொழியெல்லாம் தானாக வந்துவிடும் என்று அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை.

துணைக்கு நூலகத்திலிருந்து தேவிகுளத்து அண்ணன் ஒருவர். மூணாறுப் பக்கம் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.

பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். மெஸ் எப்போது மூடும்? 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டுமே, அந்தக் காகிதத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாட்டு மேசையில் வெதுவெதுப்பாக, இளஞ்சிவப்பாக வைத்திருக்கிறார்களே, அது கை கழுவவா, குடிக்கவா? பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் என்று நான் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினேன். பத்து நிமிடம் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் அவர்கள் குடித்தார்கள்.

இதெல்லாம் வரவேற்புரையில் கிடையாது. வரவேற்புரை நூலகவியல் மேதை ரங்கநாதனைப் பற்றி. தப்பில்லை, நல்ல ஆள்தான். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆன வேகத்தில் சலித்துப்போய், பழைய வாத்தியார் வேலையையே கொடுங்கள் என்று திரும்பிப் போய் நின்றவர். முதலில் லண்டன் போய்ப் படித்து வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பூட்டிக் கழற்றிக் காட்டியதைப் பார்த்துத்தான் புத்தகங்களைப் பகுக்கும் யோசனையே அவருக்கு வந்தது. 1933இல் அது கோலன் பகுப்புமுறையாக அச்சேறியது. அதாவது அவரும் ஒரு காலத்தில் நூலகத்தில் முழித்துக்கொண்டு நின்ற வெளிநாட்டு மாணவர். பேச்சாளர் இந்தப் பகுதியை விட்டுவிட்டு, 1931இல் வந்த அவருடைய ஐந்து நூலகவியல் விதிகளுக்குப் போய்விட்டார். வாசகரின் நேரத்தை நூலகம் மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. அதை விளக்க மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பின்வரிசையில் வேறொரு கூட்டம் நடந்தது. இலங்கைப் பையன் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவன். தேவிகுளத்து அண்ணன் எந்த ஊர் என்று கேட்டதுதான் தாமதம், லயத்துக் கூரை ஒழுகல், அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பா உப்பா, கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கழிக்கும் கிலோ என்று இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்த மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "எங்க அம்மாவும் இதையே சொல்லித்தான் ஏசும், அண்ணே" என்றான் பையன். முன்னால் உட்கார்ந்திருந்த கென்யாக்காரி திரும்பினாள். கெரிச்சோவாம் அவள் ஊர். அங்கேயும் மலை, மழை, தேயிலை. பாதி ஆங்கிலத்திலும் பாதி விரலிலும் கொழுந்து கிள்ளும் போட்டி நடந்தது. அவள்தான் ஜெயித்தாள் என்பது என் தீர்ப்பு, அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் கேன்டீனிலிருந்து டீ வந்தது. மூன்று தேயிலை நாட்டுப் பிரதிநிதிகளும் ஒரு மிடறு குடித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், டம்ளரைக் கீழே வைத்தார்கள். அவ்வளவு ஒற்றுமையான சர்வதேச முடிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசியில் குழுப்படம். வெளிநாட்டு மாணவர்கள் முன்னால் வரவும் என்றார் புகைப்படக்காரர். தேவிகுளத்து அண்ணனைக் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்து, ஹட்டன் பையனைப் பின்னால் ஊழியர்களோடு நிறுத்தினார். யாரும் திருத்தவில்லை. மாணவர்களுக்கு வைத்திருந்த துணிப்பை, நோட்டு, பேனா எல்லாம் அண்ணனுக்கும் கிடைத்தன. பை கிழிந்துவிட்டது, பேனா இன்னும் எழுதுகிறது என்கிறார்.