அரம் யாருடையது?

கோயம்புத்தூர் போன்று நகைத்தொழில் செறிந்த ஊர்களில், தனியே பட்டறை வைக்கும் வசதியில்லாத பொற்கொல்லர் சிலர் ஒரே கூடத்தை வாடகைக்கு எடுத்து, இடத்தையும் நெருப்பையும் பெருங்கருவிகளையும் பொதுவில் வைத்து, வேலையையும் கூலியையும் மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்வதுண்டு. இத்தகைய பொதுப் பட்டறையில் உள்ள பொருள்கள் பொன், பொன்னல்லாதன என இருவகைப்படும். முதல்வகைப் பொருள் மில்லிகிராம் வரை காட்டும் மின்தராசில், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நிறுக்கப்பட்டு, ஏட்டில் பதியப்பட்டு, குறைந்தால் அதற்கெனவே சேதாரம் என்றொரு கணக்குத் தலைப்பும் பெற்றுச் சீரோடு வாழ்கிறது. இரண்டாம் வகையைச் சேர்ந்த அரம், குறடு, சாமணம் ஆகியவையோ எந்த ஏட்டிலும் ஏறாமல் இறைவன் பொறுப்பில் விடப்படுகின்றன.

இப்பாகுபாடு புதிதன்று. பொற்கொல்லன் ஒருவன் அரசியின் சிலம்பைக் கவர்ந்ததனால் பாண்டியனும் மதுரையும் பட்ட பாட்டைச் சிலப்பதிகாரம் விரிவாகப் பேசுகிறது. அதே பொற்கொல்லன் பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிய அரத்தைத் திருப்பிக் கொடுத்தானா என்னும் வினாவை மட்டும் காப்பியம் எழுப்பவேயில்லை.

இரவல் என்பது பெரும்பாலும், “அண்ணே, அரம் ஒரு நிமிஷம்” என்னும் விண்ணப்பத்தோடு தொடங்குவது. அந்த நிமிஷம் முடிவதற்குள் அரம் மூன்று கைகள் மாறியிருக்கும். மூன்றாமவர் அதைக் கொண்டு கவரிங் நகையில் ஈயம் வைத்து ஒட்டிய இடத்தை ராவியிருப்பார். ராவுதலாவது அரத்தால் தேய்த்துச் சமன்செய்தல். 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் ஈயத்தின் துகள் அரத்தின் பற்களிடையே தங்கி, 1064 டிகிரி வரை உருகாமல் நிற்கும் பொன்னின்மீது ஒட்டிக்கொண்டு, அந்நகை மீண்டும் நெருப்பைக் காணும்போது உள்ளே ஊடுருவி அதனைக் குழிபறித்து நொறுங்கச் செய்யும். எனவே பத்திரமாகத் திரும்பிய அரத்தைவிடத் திரும்பாத அரமே நகைக்குப் பாதுகாப்பானது என்று வாதிடவும் இடமுண்டு.

பொதுக் கருவிகளுள் தலையாயது, இரண்டு எஃகு உருளைகளுக்கிடையே பொற்கட்டியைச் செலுத்தித் தகடாக்கும் இயந்திரம். உருளைகளின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைப்பதும், இறுகிப்போன தகட்டை அவ்வப்போது காய்ச்சி மென்மையாக்குவதும், காய்ச்சி நீரில் அமிழ்த்திய தகட்டை ஈரம் போகத் துடைத்த பின்னரே உருளைக்குள் விடுவதும் இதன் விதிகள். விதிகள் அனைவருக்கும் தெரியும். ஆனால் அவசரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உண்டு. ஈரத்தகடு நுழைந்த இடத்தில் துரு பிடிக்கும். ஒட்டுவேலைக்குச் சுற்றிய இரும்புக் கட்டுக்கம்பியை அவிழ்க்க மறந்து உள்ளே விட்டால் உருளையில் வடு விழும். அதன்பின் அவ்வழியே செல்லும் தகடு ஒவ்வொன்றிலும், எவர் வீட்டுத் திருமணத்துக்குரிய பொன்னாயினும், அதே வடு அச்சடித்தாற்போல் பதியும். செய்தவர் பெயரைத் தவிர மற்றனைத்தும் அதில் தெளிவாகத் தெரியும் என்பதே இப்பதிப்பின் குறை.

அடுத்தது திராவகக் கிண்ணம். 22 காரட் பொன்னில் 91.6 விழுக்காடே பொன். எஞ்சியதிலுள்ள செம்பு நெருப்பில் கறுத்து மேலே படிவதால், நீர்த்த கந்தகத் திராவகத்தில் இட்டு அக்கறுப்பை நீக்குவர். வெள்ளி வேலைக்கும் முறை இதுவே. பலருடைய நகைகளும் குளித்தெழுந்த திராவகத்தில் கரைந்த செம்பு நிறைந்திருக்கும். அதனுள் எவரேனும் இரும்புச் சாமணத்தை விட்டால், கரைசலிலுள்ள செம்பு வெளியேறி, இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளி நகையின்மேல் படியும். வெள்ளைக் கொலுசை இட்டவர் செம்பட்டைக் கொலுசை எடுப்பார். இதனைத் தவிர்க்கச் செம்புச் சாமணம் ஒன்றைக் கிண்ணத்தருகிலேயே வைப்பது மரபு. அச்சாமணத்தை எடுத்துப்போய்த் தேநீர்க் குவளையில் விழுந்த ஈயை அகற்றுவதும் மரபாகிவிட்டது.

கம்பியச்சைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்பட்ட துளைகளின் வழியே கம்பியை இழுத்து மெலிதாக்கும் எஃகுப் பலகை அது. அதில் முறிந்த கம்பித்துண்டு அடைத்துக்கொள்ளும் துளை, அன்று எல்லோருக்கும் வேண்டிய துளையாகவே இருக்கும்.

இவ்வளவு மறதி நிலவும் அதே கூடத்தில் தரைத்தூசிக்கு உள்ள மதிப்பு வியப்புக்குரியது. ராவும்போது சிந்தும் பொன்தூள் மடித்தட்டில் விழுந்தால் அவரவருக்குரியது. அதனையும் தப்பித் தரையில் விழுந்தவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தரையைப் பெருக்கிய குப்பையும் கை கழுவிய நீரின் வண்டலும் எறியப்படுவதில்லை. அவற்றை எரித்தும் கழுவியும் உருக்கியும் பொன் பிரிப்போர் இருப்பதால் அக்குப்பைக்கும் விலையுண்டு. ஆகவே உரியவர் இன்னாரென அறியவொண்ணாத பொன் ஒருபுறமும், உரியவர் எவருமில்லாக் கருவிகள் மறுபுறமும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. முன்னதை விற்ற பணத்தில் பின்னதைப் பழுதுபார்ப்பதே நியாயமான தீர்வு. உருளைக்குப் புது மெருகும், கிண்ணத்துக்குப் புதுத் திராவகமும், பெயர் பொறித்த அரங்களும் அதில் கிடைக்கக்கூடும். இத்தீர்வில் காணப்படும் இடர் ஒன்றே: அதனைத் தீர்மானமாகக் கொண்டுவரும் நாளில், தரையின் எந்த மூலையில் கிடக்கும் தூள் எவருடையது என்பது, காலையில் அரத்தை எங்கே வைத்தோம் என்று நினைவில்லாத அத்தனை பேருக்கும் மில்லிகிராம் சுத்தமாக நினைவுக்கு வந்துவிடும்.