குலசைக்கு வேஷம் கட்டப்போற பேரனுக்கு

ஏலே பேராண்டி, தசராவுக்கு என்ன வேஷம் கட்டலாம்னு செல்லைத் தேய்ச்சுக்கிட்டே கெடக்கியே, காட்டு பாப்போம். ஆத்தி! வாயைப் பொளந்துக்கிட்டு ஒரு மண்முகம். ரோமாபுரி நாடகக்காரன் முகமூடியா? வட்டி கேட்டு வாசல்ல நிக்குற உன் பெரிய மாமன் மாதிரியேல்லா இருக்கு!

ஆனா அதை மாட்டிக்கிட்டு அங்க எவனும் ஆடலை. மேடையில மாட்டுனது விறைப்பாக்குன துணியில செஞ்சது; அது எப்பவோ மக்கிப்போச்சு. சுட்ட மண்ணுல செஞ்சது சாமிக்கு நேர்ந்துவிட, சுவத்துல தொங்கவிட, செத்தவன்கூடப் புதைக்க. ஆடுனது அழிஞ்சுது, சும்மா தொங்குனது மியூசியத்துல கண்ணாடிக்குள்ள சொகுசா இருக்கு. நம்ம ஊர்ச் சங்கத்துத் தலைவர் கணக்காத்தான்.

குவிண்டிலியன்னு ஒரு ரோமாபுரி வாத்தியாரு, 1900 வருசத்துக்கு முந்தி எழுதிவச்சிருக்காரு. சிரிப்பு நாடகத்துல வார அப்பன் முகமூடிக்கு ஒரு புருவம் ஏறியிருக்கும், மத்தது சாதாரணமா இருக்கும். கோவம்னா இந்தப் பக்கம், சாந்தம்னா அந்தப் பக்கம்னு திருப்பிக் காட்டுவானாம். உங்கப்பன் முகமூடியே இல்லாம செய்யுதாம்லே! உன் மார்க்கைப் பாத்தா ஒரு பக்கம், உன் சித்தி ஊர்ல இருந்து வந்தா மறுபக்கம்.

அங்க நடிகன்ல பலபேரு அடிமை. அடிமையில்லாதவன் கூலிக்கு மேடை ஏறுனாலும் சட்டத்துலயே மானக்கேடு. நம்ம கடல்ல இருந்து ரோமாபுரிக்குப் போன முத்துக் கதையும் அதேதான். நம்ம கொற்கையில முத்துக்குளிச்சவன் தண்டனைக் கைதின்னு பெரிப்ளூஸ்ங்குற கடல்வழிப் புத்தகத்தை எழுதுன கிரேக்கக் கப்பல்காரன் சொல்லுதான். மூச்சடக்கி முங்குனவன் கைதி, ரோமாபுரியில அதைக் காதுல தொங்கவிட்டவ சீமாட்டி.

குலசையில அப்படியில்லலே. முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளியா தெருவுல இறங்கிப் பாரு. நேத்துவரை உன்னை வெட்டிப்பயன்னு சொன்ன மேலவீட்டு அத்தை 'தாயே'ன்னு கால்ல விழுவா. ஆனா காளி உனக்கு ஆகாது. கிரீடம், சடைமுடி, கூடுதல் கைன்னு பாரம் ஒரு பக்கம், விரதம் அதைவிடப் பாரம். புரோட்டாக் கடை கல்லு சூடாகும் முன்னாடியே போய் நிக்குற ஆளு நீ.

கொறத்தி கட்டு, குரங்கு கட்டு. போலீஸ் வேண்டாம். வீடுவீடாக் கையேந்தி வாங்குன காசு அம்புட்டும் அம்மன் உண்டியலுக்குப் போகணும். அந்தக் காக்கிச் சட்டையில ரெண்டு பாக்கெட்டு இருக்கு.