திமில் போச்சு, பால் வந்தது

எங்கள் வீட்டுப் பசு ஈன்றால் தெருவில் முதல் கேள்வி, "காளங்கன்னா, கிடாரியா?" காளங்கன்று என்றால் தாத்தா கருப்பட்டி உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். கிடாரி என்றால், "சரி, கிடக்கட்டும்." கோவில்பட்டிக் கரிசலில் பசுவின் வேலை ஏர்மாடு பெற்றுத் தருவது. பால் கொசுறு. வேளைக்கு அரைப்படி கறந்தாலே ஆச்சி திருஷ்டி கழிப்பாள். பருத்திக்கொட்டையை ஆட்டுரலில் ஆட்டுவதும் உழவுமாட்டுக்குத்தான். பசுவுக்கு உரல் கழுவிய தண்ணீர்.

இன்றும் கேள்வி அதேதான். கிடாரி என்றால் கடலைமிட்டாய் கொடுக்கிறார்கள். ஜெர்சிக் கலப்பில் பிறந்த காளங்கன்றுக்குத் திமிலும் இல்லை, இழுக்க ஏரும் இல்லை.

அன்று மாடு கத்துகிறதா என்று யாரும் காது கொடுத்ததில்லை. கோயில் காளை பார்த்துக்கொண்டது. யார் காட்டிலும் மேயும், எவரும் கை ஓங்க முடியாது, எந்தப் பசு எப்போது பருவத்துக்கு வரும் என்பது வீட்டுக்காரருக்கு முன்பே அதற்குத் தெரியும். இன்று காளை பைக்கில் வருகிறது, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள், கால் மில்லிக் குழலில், சுமார் 2 கோடி விந்தணுக்களாக. 37 டிகிரித் தண்ணீரில் அரை நிமிடம் வைத்து உருக்க வேண்டுமாம். சித்திரையில் எங்கள் ஊர்த் தொட்டித் தண்ணீரே அதைவிடச் சூடு. இத்தனை கோடி இருந்தும், பருவம் கண்டுபிடிக்கிற வேலை மட்டும் மனிதன் தலையில் விழுந்துவிட்டது. வாலைத் தூக்கி, தெளிவான கோழை ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் பல மாடுகள் கத்துவதே இல்லை, ஊமைப் பருவம். வீட்டுக்காரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருக்கும் நேரத்தில் அது வந்து போய்விடும். பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

"நாட்டு மாடு வருசா வருசம் ஈனும்" என்று டீக்கடையில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கோடையில் எலும்பெடுத்து நின்ற பசுக்கள் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ஈன்றதும் உண்டு. யாரும் கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது லிட்டருக்குக் கணக்கு, கொழுப்புக்குக் கணக்கு. அதனால் சினை நிற்காத மாதமும் கணக்கில் வந்து உறுத்துகிறது.

கலப்பினத்தைத் திட்டிப் பயனில்லை. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஹோல்ஸ்டீன் என்று யோசித்துத்தான் தமிழ்நாட்டில் பிரித்தார்கள். 10 லிட்டர் கறக்கும் மாடு, ஈன்ற புதிதில் தின்பது போதாமல் தன் உடம்பைக் கரைத்துக் கறக்கும். அப்போது சினைப்பை வேலையை நிறுத்திவிடும். நாம் என்ன செய்தோம்? அதிகம் தின்னும் மாட்டைக் கொண்டுவந்தோம், தட்டையைக் குறைத்தோம். சோளமும் கம்பும் விளைந்த காட்டில் மக்காச்சோளம். அறுவடை மெஷின் போனபின் தட்டை மண்ணோடு மண். களத்தில் படப்பைக் காணோம்.

புரட்டாசி மழைக்கு மாட்டுக்கென்று கொஞ்சம் சோளம் விதையுங்கள். நம்மூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த கே 12 தானியத்துக்கும் ஆகும், தட்டைக்கும் ஆகும். தாது உப்பை மறக்க வேண்டாம். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி. சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. மூன்று முறை போட்டும் நிற்காவிட்டால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். தொழுவத்துக்கு வாஸ்து பார்க்கிறவரிடம் அல்ல.