கொப்பி முன்னே, ஆள் பின்னே: தீவகக் கிளினிக் பற்றி ஓர் ஆய்வு

கிளினிக்கில் நோயாளி எங்கும் ஓடுவதில்லை, வாங்கில் இருக்கிறார். ஓடுவது அவருடைய கிளினிக் கொப்பி. இதைக் கவனிக்காமல் வரையப்பட்ட பாய்ச்சற் கோட்டுப்படங்கள் யாவும் செல்லாதவை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் சாட்டி. வேலணைத் தீவின் தென்கரையில் கடற்கரைக்கும் சிந்தாத்திரை மாதா கோவிலுக்கும் நல்ல தண்ணிக் கிணறுகளுக்கும் பேர்போன ஊர். சுற்றிவர உவர் ஊறும் தீவகத்தில் சாட்டித் தண்ணி பவுசர் ஏறி அயலூருக்குப் போகும். சாட்டி ஆட்கள் பஸ் ஏறி மருந்துக்கு அயலூருக்குப் போவார்கள். வேலணை, ஊர்காவற்றுறை, வருத்தம் முற்றினால் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். இவற்றுள் எந்தக் கிளினிக்கில் தரவு திரட்டப்பட்டது என்பதை ஆய்வு அறம் கருதி வெளியிடவில்லை. வெளியிட்டால் அடுத்த மாதம் ஆய்வாளரின் கொப்பி எங்கே கிடக்கும் என்ற அச்சம் துணைக் காரணம் மட்டுமே.

முன்னோர் ஆய்வுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கத் தம்பதியர் 1921இல் இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் செயன்முறை வரைபடம் என்ற ஒன்றை எடுத்துவைத்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர்கள். வரிசை, ஒழுங்கு பற்றி அவர்களுக்கு எவரும் பாடம் எடுத்திருக்கத் தேவையில்லை. 1947இல் அதே சங்கம் குறியீடுகளை ஐந்தாக நிறுத்தியது. வட்டம் என்றால் வேலை நடக்கிறது. அம்பு, நகர்வு. சதுரம், சோதனை. தலைகீழ் முக்கோணம், களஞ்சியம். ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம், தாமதம். 'ஆமா, இல்லை' என்று பிரிகிற சாய்சதுரம் கணினிக்காரர் வழியாகப் பிரபலமானது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத்தான் கீறுகிறார்கள்.

இக்குறியீடுகளால் ஒரு சீனி வருத்தக்காரரின் கிளினிக் நாளைக் கீறினால் கிடைப்பது இது: அம்பு (பஸ்), டி, சதுரம் (நிறையும் பிரஷரும்), டி, டி, வட்டம் (டொக்டர்), டி, டி, வட்டம் (மருந்து), டி (பஸ்). இதில் டொக்டரின் வட்டம் சில நிமிடம்தான். அந்த நிமிடங்களிலும் "சாப்பாட்டைக் கட்டுப்படுத்துறீங்களோ?" என்ற கேள்விக்கு நோயாளி சொல்லும் பதில் புனைகதை இலக்கியத்தில் சேரவேண்டியது. ஆகவே உற்பத்தி நேரம் இன்னும் குறைகிறது.

இங்கேதான் கோட்பாட்டுச் சிக்கல் எழுகிறது. தொழிற்சாலைக்காரர் செயன்முறை வரைபடத்தில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள்: ஆளைப் பின்தொடர்வது, பொருளைப் பின்தொடர்வது. கிளினிக்கில் ஆளைப் பின்தொடர்ந்தால் ஆய்வாளரும் வாங்கில் உட்கார்ந்து நித்திரையாகிவிடுவார். கொப்பியைப் பின்தொடருங்கள். வந்ததும் மேசையில் ஏறுகிறது. சிற்றூழியர் கையில் நடக்கிறது. நேர்ஸிடம் எழுத்து வாங்குகிறது. டொக்டர் முன் விரிகிறது. மருந்து கொடுக்கிற யன்னலுக்குள் நுழைகிறது. பிறத்தியார் சொல்லும் நோயாளிப் பாய்ச்சல், உண்மையில் கொப்பிப் பாய்ச்சல். உடம்பு அதற்கான சாட்சி.

கொப்பி அடுக்கின் இயல்பு தனி நூலுக்குரியது. முதலில் வந்தவர் வெறும் மேசையில் வைக்கிறார். அடுத்தவர் அதன்மேல் வைக்கிறார். எட்டு மணிக்குச் சிற்றூழியர் வந்து அடுக்கை அப்படியே தூக்கி, மேலிருந்து கூப்பிடத் தொடங்கினால், விடியப்புறம் வந்தவர் கடைசி, கடைசி பஸ்ஸில் வந்தவர் முதல். முந்தினோர் பிந்தினோர் பற்றிச் சாட்டிக் கோவிலில் பிரசங்கம் கேட்டவர்கள்கூட இதை அமைதியாக ஏற்பதில்லை.

"பிள்ளை, நான் விடிய முதல் வந்தனான். என்ர கொப்பி எங்க?"

"அடியில கிடக்கும் அம்மா. வரும், இருங்கோ."

அடுக்கை ஒருதரம் கவிழ்த்துவிட்டால் சிக்கல் தீரும். கவிழ்ப்பதற்கு ஒரு நொடி. ஆனால் கவிழ்க்கும் வழக்கமுள்ள ஊழியர் லீவில் போய், கவிழ்க்காதவர் வரும் நாளை முன்கூட்டி அறிய வழியில்லை. இதை உணர்ந்த அனுபவசாலிகள் முந்தி வருவதுமில்லை, பிந்தி வருவதுமில்லை. நடு அடுக்கைக் குறிவைத்து வருகிறார்கள். அடுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுக்குப் பாதி நேரம்தான். கணிதத்தில் பயிற்சி இல்லாதவர்கள் தாங்களாகவே கண்டடைந்த இந்த உத்திக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் பட்டம் வழங்கவில்லை.

கணிதம் என்றதும் ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதியைச் சொல்லாமல் போக முடியாது. உள்ளே இருப்பவர் தொகை, மணிக்கு வருபவர் தொகையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வரும். ஒரு பேச்சுக்கு, மண்டபத்தில் எந்நேரமும் 90 பேர், மணிக்கு 30 பேருக்கு அலுவல் முடிகிறது என்றால் ஆளுக்கு 3 மணித்தியாலம். டொக்டர் வேகமாக எழுதினாலும் மெதுவாக எழுதினாலும் இந்தக் கணக்குப் பிழைக்காது. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் தலைகளை எண்ணிவிட்டுப் போவது நல்லது.

அவருக்கும் முன்னே, 1952இல், நோர்மன் பெய்லி என்ற பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் வெளிநோயாளர் வரிசைகளை ஆராய்ந்தார். டொக்டர் சில நிமிடம் சும்மா இருந்துவிடக்கூடாதே என்பதற்காக நோயாளிகள் எல்லாரையும் நெடுநேரம் காக்க வைக்கிறோம் என்று கண்டார். அவர் சொன்ன பரிகாரம்: தொடக்கத்தில் இருவர் வரட்டும், பிறகு, ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரம் செல்கிறதோ அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வரட்டும்.

ஒவ்வொருவராக! பெய்லி தீவுப்பகுதி பஸ்ஸில் ஏறியதில்லை. இங்கே பஸ் ஒன்று நின்றால் ஒரு ஊரே இறங்குகிறது. காரைநகரிலிருந்து பாதை என்கிற மிதவை ஊர்காவற்றுறைக் கரையைத் தொட்டால் சைக்கிளும் சனமும் ஒன்றாக இறங்குகின்றன. குறிகட்டுவானில் படகு கட்டினால் நயினாதீவும் நெடுந்தீவும் அலையலையாய் வருகின்றன. 8.40க்கு வாருங்கள் என்று கொப்பியில் எழுதலாம், 8.40க்கு பஸ் வேண்டுமே? வரிசை உருவாகும் இடம் கிளினிக் வாசல் அல்ல, பஸ் நேரசூசி.

போவதற்கும் அதே விதி. கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் படம் மருந்து யன்னலோடு முடிந்துவிடுகிறது. நோயாளியின் படத்தில் அதற்கப்பால்தான் பெரிய சாய்சதுரம்: பஸ் போட்டுதோ? இல்லை என்றால் வீடு. ஆமா என்றால் ஓட்டோ, ஓட்டோவுக்குக் காசு, காசு இல்லையென்றால் மறுபடி டி. நெடுந்தீவாருக்கு இன்னொரு சாய்சதுரம் உண்டு. குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். காற்றுக் காலத்தில் கடல் அடித்தால் படகு இல்லை. கடைசிப் படகைத் தவறவிட்டவருக்கு அன்றிரவு சொந்தக்காரர் வீடு. அவர் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்பது அந்த வீட்டார் எப்போது சமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் இல்லாமலில்லை. கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு மேசையில் சத்திரசிகிச்சை முடிந்ததும் டொக்டர் அடுத்த மேசைக்குத் திரும்பிவிடுவார் என்று எல்லாரும் புகழ்வார்கள். இவ்வாய்வாளர் அதைவிடப் பெரிதாக மதிப்பது, கிராமத்து முகாமில் தெரிவானவர்களை அவர்களே பஸ்ஸில் ஏற்றிவந்து திரும்பக் கொண்டுபோய் விட்டதை. அவர்களுடைய படம் ஊரில் தொடங்கி ஊரில் முடிகிறது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை விமல் கரந்தகொட தலைமையில் 2000இல் ஜப்பானிய 'ஐந்து எஸ்' என்ற வேலையிட ஒழுங்குமுறையைக் கைக்கொண்டது. பின்னர் ஆபிரிக்க நாடுகளுக்கே அது முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. ஆபிரிக்கா வரைக்கும் போனது ஊர்காவற்றுறை வீதிக்கும் ஒருநாள் வரும், பஸ் பிந்தியிருக்கலாம்.

ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுவரை எந்தப் படத்திலும் ஏறாதது. முற்பகலில் ஒரு தடவை, சிற்றூழியர் ஒருவர் வாசலில் நின்று, "நெடுந்தீவு ஆக்கள் இருக்கிறீங்களோ? கொப்பியைத் தாங்கோ" என்று கூப்பிடுகிறார். மண்டபம் முணுமுணுக்கிறது, ஆனால் வழிவிடுகிறது. கில்பிரெத், பெய்லி, லிட்டில் மூவரையும் படியாத ஒருவர் செய்கிற இந்த ஒரே வேலைதான் முழுப் பாய்ச்சலிலும் உண்மையான சாய்சதுரம். அவர் லீவில் நிற்கும் நாளில் அதுவும் இல்லை.

எனவே, கிளினிக் திகதி குறிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். திகதிக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதுங்கள். படகில் வருகிறவர்களின் கொப்பியை முதலில் எடுங்கள், பிறகு புங்குடுதீவு, சாட்டிக்காரர் பிந்தி வந்தாலும் பரவாயில்லை. அடுக்கைத் தூக்கும்போது மறக்காமல் ஒருதரம் கவிழ்த்துவிடுங்கள்.