கணக்கில் தவறாத கைகள்

பாராட்ட வேண்டியவர்களைப் பாராட்டாமல் விடுவது நன்றிகெட்ட செயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்குள் ஏறத்தாழ 80,000 பேரை முகாம்களில் சேர்த்திருந்தார்கள். முன்னேற்பாடுகளை அப்போதைய எதிர்க்கட்சித் தலைவரே மெச்சினார். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனதை நினைத்தால், உயிரைக் காக்கக் கற்றுக்கொண்ட நிர்வாகத்தைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

அதைவிடப் பெரிய கும்பிடு அதன் கணக்குக்கு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் சாய்ந்து கிடந்த தென்னைகளை எண்ணினார்கள். மரத்துக்கு இழப்பீடு ₹600, வெட்டி அப்புறப்படுத்த ₹500, ஆக ₹1,100. இதைவிடத் தெளிவாக யாரால் பிரித்துத் தரமுடியும்? நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடமாகும். அப்பன் வைத்த தோப்பை ஒரே ராத்திரியில் இழந்த அறுபது வயதுக்காரர், இனிமேல் கன்று ஊன்றி எந்தக் காலத்தில் தேங்காய் பறிப்பேன் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அதை எழுத விண்ணப்பத்தில் இடம் இல்லை. சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. தஞ்சை மாவட்டத்தில் தென்னை விவசாயி தற்கொலை செய்துகொண்டார் என்ற செய்தி சில நாட்களிலேயே வந்தது. அப்போதும் மரக் கணக்கெடுப்பு நிற்கவில்லை. அந்தக் கடமையுணர்ச்சி சாதாரணமானதல்ல.

நிவாரணப் பெட்டியில் 27 வகைப் பொருட்கள் இருந்தன. பசிக்கும் குளிருக்கும் வேண்டியதை யோசித்து வைத்தவர்களுக்கு நன்றி. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டாலே எழுந்து உட்கார்ந்து அழும் பிள்ளையிடம் என்ன பேசுவது, சாப்பிடாமல் கொள்ளாமல் சுவரைப் பார்த்தபடி இருக்கும் அப்பாவை எப்படி அணுகுவது என்று சொல்லும் ஒரு தாளை இருபத்தெட்டாவதாகச் செருகி யாரும் பெட்டியின் ஒழுங்கைக் குலைக்கவில்லை.

விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வயல் தண்ணீரில் இறங்கி நின்று கம்பி இழுத்த மின்வாரியத் தொழிலாளர்களை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும், இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. அவர்கள் விளக்கை எரியவைத்தார்கள். விளக்கு எரிந்ததும் புயல் முடிந்தது என்று செய்தித் தொலைக்காட்சிகள் கண்டுபிடித்தன. அந்தக் கூர்மையும் போற்றத்தக்கதே.

காவல்துறையின் சுறுசுறுப்பையும் சொல்லவேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் உதவி வரவில்லை என்று ஜனங்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். ஆத்திரம் முற்றி அரசு வாகனங்கள் எரிந்தன. வண்டியை எரித்தது தவறுதான். ஆனால் கூரையும் தோப்பும் போன மனிதர்களின் துக்கத்தைக் கேட்க ஆள் வருவதற்கு முன்னால் அவர்களைக் கைது செய்ய ஆள் வந்துவிட்டது.

எல்லாப் புகழ்ச்சிக்கும் மேலான புகழ்ச்சி மக்களுக்குக் கிடைத்தது: "டெல்டா ஜனங்க எதையும் தாங்குவாங்க." புயலின் பெயர் மாறும்போதெல்லாம் மேடையில் இது தவறாமல் கிடைக்கிறது. இந்த நிவாரணத்துக்கு நிதி ஒதுக்கத் தேவையில்லை, லாரி தேவையில்லை. தாங்குவார்கள் என்று சொல்லிவிட்டால் தாங்கிப்பிடிக்கும் வேலையும் மிச்சம்.

மனத்துயரைக் கவனிக்கும் இந்த வேலையை அதிகாரிகள் அறியாமையால் விட்டார்கள் என்று நான் குறைத்துப் பேசமாட்டேன். நன்றாகத் தெரிந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன வல்லுநர்கள் மனநல மருத்துவர்களுக்காகக் காத்திருக்காமல், சமூகப் பணியாளர்களையும் தன்னார்வலர்களையும் பழக்கினார்கள். வீடு வீடாகப் போவது, பேசவிட்டுக் கேட்பது, தூக்கம் கெட்டவரையும் குடியில் மூழ்கியவரையும் அடையாளம் கண்டு மருத்துவரிடம் சேர்ப்பது, இவ்வளவுதான் பாடம். கடலோரத்தில் படித்த பாடம் இது. அதைப் புயல் வருவதற்கு முன்பே ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்காமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பொறுமை வேறு யாருக்கு வரும்?

2022 அக்டோபர் முதல் 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை, இலவசமாக. உண்மையிலேயே நல்ல காரியம், குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கஜா அடித்தபோது கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. அந்த மாதிரி நாளில் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியர், மகளிர் குழுத் தலைவி. ஊரில் எந்த வீட்டில் என்ன துயரம் என்று அறிந்தவர்களும் அவர்கள்தான். துக்கம் பல வீடுகளில் நிவாரண லாரி திரும்பிப்போன பிறகுதான் தலைதூக்கும். கடன் தவணை வரும் மாதத்தில், அடுத்த கார்த்திகைக் காற்றில், முதலாண்டு திவசத்தில் தெரியும்.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் அக்டோபர் 2 அன்று கிராமசபை கூடும். உங்கள் ஊரிலும் மணல் மூட்டை, ஜெனரேட்டர், பொக்லைன் விவரம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து, "துக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் போய்ப் பார்க்க எங்கள் ஊரில் யாருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள்? பெயரைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெயர் இல்லையென்றால், மழைக்கு முன் பயிற்சி வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.