கடைக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடைக்கு இணையதளம் தொடங்க வேண்டும். வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் இவற்றில் எதை எடுப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: தினமும் புதுச் சேலைப் படம் ஏற்றப்போவது யார்? அவரைக் கேட்டு முடிவெடுங்கள். மூன்றுமே இலவசம்தான். ஆனால் மாடு இனாமாக வந்தாலும் தீவனத்துக்குக் காசு வேண்டுமே! டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருடாவருடம் கட்ட வேண்டும்.

உங்களுக்கு வேர்ட்பிரஸ் போதும். கல்லாவில் இருப்பவரே படம் போட்டு, விலை திருத்திவிடலாம். வூகாமர்ஸ் என்ற ப்ளகினை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) சேர்த்தால் ஆன்லைனில் விற்கவும் செய்யலாம். துருபலுக்குத் தனியாக ஆள் வைக்க வேண்டியிருக்கும். பல்கலைக்கழகங்களுக்கு அது கட்டுப்படியாகும். ஜூம்லா இரண்டுக்கும் நடுவில்.

ப்ளகின்களைக் கண்டபடி ஏற்றாதீர்கள். அப்டேட் செய்யாமல் விட்ட ப்ளகின் வழியாகத்தான் ஹேக்கர்கள் பெரும்பாலும் நுழைகிறார்கள். முக்கியமாக, டொமைனை டிசைனர் பெயரில் பதிய விடாதீர்கள். கடை உங்களுடையது, பெயர்ப்பலகை அவருடையது என்றாகிவிடும்!