ஒற்றைப்படைத் தச்சர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் யாராவது எதையாவது எடை போட்டுக்கொண்டிருப்பார்கள். வெல்ல மண்டியில் 30 கிலோ சிப்பம். லீ பஜாரில் பருப்பு மூட்டை. சந்துக்குள் திரும்பினால் கொலுசுப் பட்டறையில் வெள்ளி, மில்லிகிராம் வரைக்கும். பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட இங்கே வெளியே கொட்ட மாட்டார்கள். அதை விலைக்கு வாங்கி உருக்கி வெள்ளி எடுக்க ஆள் உண்டு. இப்படிப்பட்ட ஊரில், முழுப் பலகையை உள்ளே வாங்கிக்கொண்டு குப்பையை மட்டும் வெளியே அனுப்புகிற பட்டறை ஒன்று இருக்கிறதென்றால், அது பணி ஓய்வு பெற்ற ஒருவருடைய மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழேதான் இருக்கும்.

தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. பாங்கியில் இருந்தவர், பள்ளிக்கூடத்தில் இருந்தவர், ரயில்வேயில் இருந்தவர் என்று வகை மாறும். காதில் செருகிய பென்சில் மட்டும் மாறாது. எங்கள் தெருக்காரர் வெல்ல மண்டியில் காலமெல்லாம் கணக்கு எழுதியவர். பெயர் எதற்கு? தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறது, அவர் மனைவியை அத்தை என்று. அவர் கணக்கு எழுதிய காலத்தில் ஒரு சிப்பம் குறைந்தது என்று எந்த விவசாயியும் சண்டைக்கு வந்ததில்லை. ஓய்வு பெற்ற மறு மாதம் சமையலறைக் கதவின் கீல் கிரீச்சிட்டது. நாளைக்கு வருகிறேன் என்ற ஆசாரி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மாமா ஒரு திருப்புளி வாங்கினார். அவ்வளவுதான். ஆசாரி சொன்ன நாளில் வந்திருந்தால் இந்தக் குடும்பம் பிழைத்திருக்கும்.

திருப்புளிக்குப் பின்னால் டிரில்லிங் மெஷின் வந்தது. அதற்குப் பின்னால் ஜிக்சா, சர்க்குலர் சா, உப்புத்தாள் தேய்க்கும் மெஷின், ஆறு உளி, நாலு கிளாம்ப். இவற்றையெல்லாம் வைக்க ஓர் அலமாரி வேண்டும். அலமாரி செய்ய ஒரு மேசை வேண்டும். மேசை செய்ய பலகையைத் தாங்க இரண்டு ஸ்டாண்டு வேண்டும். மாமாவின் பட்டறையில் இதுவரை உருவான சாமான்கள் எல்லாமே பட்டறைக்குத்தான் உருவாகியிருக்கின்றன. வீட்டுக்கு என்று ஒரு துரும்பு மாடியிலிருந்து இறங்கி வந்ததில்லை. அத்தை சிராய்த்தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவதைச் சேர்க்காவிட்டால்.

இந்த ரகத்தவர்களுக்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, செல்போனில் வருகிற வீடியோ. அதில் ஒரு வெள்ளைக்காரர் பத்து நிமிடத்தில் ஒரு கட்டிலைச் செய்து முடித்துவிட்டு, அதே சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்பார். இன்னொன்று மேற்கோள். மாமா அடிக்கடி சொல்லும் ஆள் ஜிம்மி கார்ட்டர். “அமெரிக்க ஜனாதிபதி! 1981-ல பதவிய விட்டு இறங்கறப்ப, பிரிவு உபசாரத்துக்கு என்ன வேணும்னு அவர்கிட்ட வேலை பார்த்தவங்க கேட்டாங்க. தச்சு சாமான் குடுங்கன்னாரு. அப்புறம் கட்டில் நாற்காலியெல்லாம் அவரே செஞ்சுக்கிட்டாரு.” உள்ளூர் ஆதாரமும் கைவசம் உண்டு. “நம்ம ஜில்லாவுலயே தம்மம்பட்டி இருக்குதே! தூங்குமூஞ்சி வாகையில தசாவதாரத்தையே செதுக்குறாங்க. புவிசார் குறியீடெல்லாம் வாங்கிட்டாங்க. நம்மளால நாலு பலகைய வெட்டி ஒட்ட முடியாதா?” அமெரிக்காவுக்கும் தம்மம்பட்டிக்கும் நடுவில், சரியாகச் செவ்வாய்ப்பேட்டையில், தாம் நிற்பதாக அவருக்கு நினைப்பு.

இந்த வருஷம் கொலுவுக்கு மரப்படி செய்வது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் மாமா. அதுவரை அந்த வீட்டில் டிரங்குப் பெட்டி, அரிசி டின், பழைய மேசை, இவற்றின்மேல் வெள்ளை வேட்டியை விரித்தால் படி. யாரும் குறை சொன்னதில்லை, பொம்மைகள் உள்பட. இந்த முறை ஏழு படி, மடித்து வைக்கிற மாதிரி, தேக்கில். படி ஒவ்வொன்றும் நாலு அடி நீளம். எட்டு அடிப் பலகை நாலு வாங்கினால் ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து எட்டுத் துண்டு. ஏழு போக மீதி ஒன்று கைவசம். மண்டிக் கணக்கு, தப்பே கிடையாது. அந்த மீதி ஒன்றை, நேராக அறுப்பதற்கு வழிகாட்டிக் கட்டையாக முதலிலேயே சீவி எடுத்துக்கொண்டார் என்பது கணக்கில் வராத செய்தி.

வேலைக்கு அவர் தேர்ந்தெடுத்த நாள் புரட்டாசி சனிக்கிழமை. கீழே அத்தை பெருமாளுக்குத் தளிகை போட வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். மேலே மாமா சர்க்குலர் சாவை இயக்கினார். 1400 வாட்ஸ் மெஷின். கீழே 750 வாட்ஸ் மிக்ஸி. இரண்டுக்கும் அந்தப் பழைய வீட்டில் ஒரே லைன். டப்பென்று மெயின் விழுந்தது.

“ஏங்க, என்னங்க பண்றீங்க மேல?”

“நீ என்ன பண்ற கீழ?”

இது மூன்று தடவை நடந்தது. பிறகு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: வடை மாவு அரைபடும்வரை மரம் சும்மா இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்துக்கென்று மாமாவிடம் ஒரு ஜப்பான் ரம்பம் இருந்தது, தபாலில் வந்தது. ஜப்பான்காரர்களின் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும், தள்ளும்போது அறுக்காது. அதனால்தான் தகடு அவ்வளவு மெல்லிசு. பெட்டியின்மேல் படம் போட்டே காட்டியிருந்தார்கள். மாமா தள்ளினார். தகடு வளைந்து, ஒரு நொடி யோசித்து, ‘ங்ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்ட அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தத் தெருவில் இதற்கெல்லாம் யாரும் படியேறி வந்து பார்ப்பதில்லை.

மாவு அரைபட்டது. சர்க்குலர் சா மறுபடி ஓடியது. இப்போது மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதுத் தேக்கு விற்கிற விலைக்கு மாமா அதைத் தொட மாட்டார். இடித்த வீட்டு மரம் விற்கிற கடைக்குப் போய் பழைய பலகையாகப் பொறுக்கி வந்திருந்தார். இது நல்ல யோசனைதான். பல வருஷம் வெயிலும் காற்றும் பார்த்த மரம் ஈரமெல்லாம் போய்ச் சுருங்க வேண்டியதைச் சுருங்கி முடித்திருக்கும். பச்சை மரம்போல வீட்டுக்குள் வந்தபிறகு கோணிக்கொள்ளாது. ஆனால் பழைய மரத்துக்குள் பழைய ஆணி இருக்கும். யாரோ ஒரு தாத்தா காலண்டர் மாட்டுவதற்கு அடித்து, தலை ஒடிந்து, சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டுப்போன ஆணி. அது இத்தனை வருஷம் மாமாவுக்காகக் காத்திருந்தது. தீபாவளிக்கு முன்னோட்டமாகப் பொறி பறந்தது. பிளேடின் பல் நாலைந்து உதிர்ந்தது, பலகை கிழிந்தது. ஏழு, ஆறானது.

மாமா கலங்கவில்லை. “ஆறு படி தாராளம்” என்றார்.

எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு மேலே வந்த அத்தை எண்ணிப் பார்த்தார். “ஆறா? கொலுப்படி ஒத்தப்படையிலதாங்க வெக்கணும்.”

மண்டிக் கணக்கில் ஒன்று போனால் ஒன்றுதான் போகும். சாஸ்திரக் கணக்கில் ஒன்று போனால் இரண்டு போகிறது. ஒரு குற்றமும் செய்யாத ஒரு நல்ல பலகை ஓரங்கட்டப்பட்டது. சும்மா கிடக்க விடுவாரா? துளை போடும்போது கீழே முட்டுக்கொடுக்க அதைப் போட்டுக்கொண்டார். கால் மணி நேரத்தில் அந்தத் தேக்குப் பலகையில் மாவு சலிக்கலாம் போலிருந்தது.

அடுத்தது அளவு. டேப்பின் முனை தேய்ந்து ஆடும்; ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பூஜ்யத்திலிருந்து அளக்காமல் ஒரு அங்குலக் கோட்டிலிருந்து அளப்பார்கள். மாமா விவரம் தெரிந்தவர். ஒன்றாம் கோட்டை ஓரத்தில் வைத்து, நாலு அடியில் பென்சில் கோடு போட்டார். ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் நாலு அடி ஒரு அங்குலத்தில் போட வேண்டும் என்ற விவரம் வீடியோவில் அடுத்த நிமிடத்தில் வரும். அதற்குள் விளம்பரம் வந்திருக்க வேண்டும். அறுத்தபிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். தலைகீழாக வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரு அங்குலம் குறைந்தது. தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றை நூல் என்பார்கள். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். அரை நூல் தவறினாலே ஆசாரிகளுக்கு முகம் சுளிக்கும். இது முழுசாக எட்டு நூல்.

ஐந்து, நாலாயிற்று. நாலு இரட்டைப்படை. எனவே மூன்று. இந்தத் தடவை ஓரங்கட்டப்பட்ட பலகையின்மேல் மாமா பெவிகால் டப்பாவை வைத்தார், டப்பா சாய்ந்தது, மேலே பறந்து வந்து படிந்த நாளிதழ் அதனோடு ஐக்கியமாகிவிட்டது. அந்தப் பலகையில் இப்போதும் ராசிபலன் படிக்கலாம்.

இந்த நேரத்தில்தான் நிஜமான ஆசாரி வந்தார். மாமாவைப் பார்க்க இல்லை. எதிர்வீட்டுக் கொலுசுப் பட்டறைக் கதவு தரையில் உரசுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் ஒரு இழைப்புளி, இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, மூலமட்டம். கதவைக் கழற்றி, அடியில் நாலு இழைப்பு இழைத்து, மாட்டி, டீ குடித்து முடித்துவிட்டார். மாடியில் மெஷின் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தவர் மேலே வந்தார். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த கருவிகளை, கோயிலில் சாமி நகை சாத்தியிருப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஓர் உளியை எடுத்துக் கட்டைவிரலில் கூர் பார்த்து, மரியாதையோடு இருந்த இடத்திலேயே மாட்டினார்.

“இது எங்கீங்கய்யா வாங்குனீங்க?”

மாமா சொன்னார். விலையையும் சொன்னார். ஆசாரிக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. பிறகு கீழே கிடந்த பலகைகளைப் பார்த்தார், ஒரு அங்குலம் குட்டையானதையும் பார்த்தார். கதை முழுதும் அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

“ஏனுங்கய்யா, ஒண்ணு குட்டையாப் போச்சுன்னா மத்த நாலையும் ஒரு இஞ்சு வெட்டிட்டா அஞ்சும் ஒரே அளவாயிருக்குமுங்களே. யாரு டேப்பு வெச்சு அளக்கப் போறாங்க?”

மாமா ஒரு முறை மாவு சல்லடைப் பலகையைப் பார்த்தார், ஒரு முறை ராசிபலன் பலகையைப் பார்த்தார். “அதெப்படி? அளவுன்னா அளவுதான்” என்றார். ஆசாரி தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். இந்த ரகத்துக்காரர்களின் பெருமையே இதுதான்: ஆசாரிக்கு வேலை முடிய வேண்டும், இவர்களுக்கு அளவு சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் ஆசாரி வேலை முடிகிறது.

மணி மூன்றாகிவிட்டது. கீழே பெருமாளுக்குப் படைத்துத் தீபாராதனை ஆகி, இலை போட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். மாமா மிச்சமிருந்த மூன்று படியையாவது முடித்துக்கொண்டுதான் சாப்பிடுவது என்ற வைராக்கியத்தில் திருகாணியை முடுக்கினார். பலகையின் ஓரத்தில் திருகாணி போடுவதென்றால் முதலில் மெல்லிய பிட்டால் துளை போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நார் வாக்கில் மரம் பிளக்கும். அன்று முழுக்க எங்கெங்கோ துளை போட்ட மாமா, துளை வேண்டிய அந்த ஓர் இடத்தில் போடவில்லை. ‘படக்’ என்ற சத்தம் கீழே இலைவரை கேட்டது.

அத்தை மறுபடி ஏறி வந்தார். இரண்டு பலகை. அவர் எதுவும் சொல்வதற்கு முன்னால் மாமா முந்திக்கொண்டார்.

“இங்க பாரு, ஒண்ணுகூட ஒத்தப்படைதான்.”

அத்தை அந்தப் பலகையைப் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். தலையிலும் புருவத்திலும் மரத்தூள்; விரலில் பிளாஸ்திரி; காதில் பென்சில்.

“ஒத்தப் பலகைக்குப் பேரு மணைங்க. அதுல பொம்மை வெக்க மாட்டாங்க, சோத்துக்கு உக்காருவாங்க. வாங்க, வடை ஆறிப்போச்சு.”

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. பலகையைத் துடைத்து, தோளில் சுமந்து, படியிறங்கி, இலைக்கு முன்னால் பத்திரமாகப் போட்டார். அந்தப் பட்டறையிலிருந்து வீட்டுக்கென்று இறங்கிய முதல் சாமான். பேரக் குழந்தைகள் கை தட்டின. மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

காலில்லாத பலகை, தரையோடு தரையாக. அதுவும் ஆடியது.